பத்தாவது நாள் அளவு

ஊரில் அவளை ஸ்கேல் அக்கா என்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அடையாள அட்டையில் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே சற்று யோசித்துத்தான் திரும்புவாள். இருபத்திரண்டு வருடமாக அவள் பார்க்கும் வேலை ஒன்றே ஒன்று. காலை ஆறு மணிக்கு ஆற்றுப் பாலத்துக்குப் போய், தூணில் அடித்திருக்கும் இரும்பு ஸ்கேலில் தண்ணீர் எத்தனை சென்டிமீட்டரில் நிற்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். "இதுக்கு ஒரு ஆளா?" என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. "நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வாங்க, காட்டுறேன்" என்பாள். இதுவரை ஒருவரும் வந்ததில்லை.

வந்திருந்தால் தெரிந்திருக்கும். அந்தப் பாலத்தின் நடுவில் ஒரு மஞ்சள் கோடு உண்டு. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு நாடு, அந்தப் பக்கம் இன்னொரு நாடு. ஆறு அவர்களுடைய மலையில் பிறந்து, அவர்களுடைய அணையைத் தாண்டி, இந்தப் பாலத்தடியில் கொஞ்ச தூரம் எல்லையாக ஓடி, பிறகு முழுசாக இந்தப் பக்கம் திரும்பிவிடும். ஒரு காலத்தில் இதற்காக இரண்டு நாடுகளும் முறைத்துக்கொண்டு நின்றன. முப்பது வருடத்துக்கு முன்னால் பெரிய மனிதர்கள் உட்கார்ந்து பேசி ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். அதில் நூற்றுச் சொச்சம் பக்கம். ஊருக்குத் தெரிந்தது ஒரு வரிதான்: தண்ணீர் நூற்று நாற்பது சென்டிமீட்டருக்குக் கீழே தொடர்ந்து பத்து நாள் நின்றால், பதினோராம் நாள் ஆறு பிறக்கும் மேல்நாடு தன் அணையைத் திறக்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு நாள் நூற்று நாற்பதைத் தொட்டுவிட்டாலும் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்.

அளவைப் பார்க்க இரண்டு பக்கமும் ஆள் உண்டு. இரண்டு கரைத் தூண்களிலும் ஒரே உயரத்தில் ஸ்கேல் உண்டு. அவரவர் ஸ்கேலை அவரவர் பார்த்து, சீட்டில் எழுதி, மடித்து, மஞ்சள் கோட்டுக்கு வந்து மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு முன்னால் எண்ணைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. மடித்த சீட்டில் ஒரு புள்ளிகூடத் திருத்தக் கூடாது. இரண்டு சீட்டிலும் இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் அது அளவு.

அக்கரை ஆள் ஐம்பத்தைந்து வயதுக்காரர், சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவர். அவள் "அண்ணே" என்பாள், அவர் "தங்கச்சி" என்பார். பதினாறு வருடமாகத் தினம் தினம் பார்த்துக்கொள்ளும் இவர்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனதில்லை. கோட்டைத் தாண்ட அத்தனை காகிதம் வேண்டும். அவள் கணவர் தையற்காரர். ஒரு தடவை கண்ணாடி அண்ணனுக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தார், அதுவும் அளவு எடுக்காமல். கழுத்து இத்தனை, தோள் இத்தனை என்று அவள் கண்ணாலேயே பார்த்து வந்து சொன்னாள். கச்சிதமாகப் பொருந்தியது. "உன் கண்ணு முன்னாடி உடம்பு போடவே பயமா இருக்கு தங்கச்சி" என்றார் அவர்.

அந்த வருடம் வானம் கைவிரித்துவிட்டது. ஊர்க் குழாயில் நாலு நாளைக்கு ஒரு முறை அரை மணி நேரம் தண்ணீர் வந்தது, பிறகு அதுவும் இல்லை. தண்ணீர் லாரி வரும் தெருவில் அக்கம்பக்கத்தார் ஒருவர் குடுமியை ஒருவர் பிடிக்காத குறை. ஆஸ்பத்திரியில் அவசரம் தவிர மற்ற ஆபரேஷன்களைத் தள்ளிப்போட்டார்கள். இத்தனைக்கும் நடுவில் ஆற்றில் நீர் நூற்று நாற்பதுக்குக் கீழே இறங்கி, ஒரு நாள், இரண்டு நாள் என்று எண்ணிக்கை ஏற ஆரம்பித்தது. "இதுக்கு ஒரு ஆளா" என்று கேட்ட அதே வாய்கள் இப்போது வாசலில் நின்று, "அக்கா, இன்னிக்கு எத்தனை?" என்று கெஞ்சின. ஒன்பதாம் நாள் நூற்று முப்பத்திரண்டு. இன்னும் ஒரே ஒரு நாள்.

பத்தாம் நாள் காலை அவள் பாலத்தின் இரும்பு ஏணியில் இறங்கி, கடைசிப் படியில் உட்கார்ந்து ஸ்கேலைப் பார்த்தாள்.

நூற்று நாற்பத்து மூன்று.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். ஸ்கேல் அதையே காட்டியது. மழை எங்கேயும் பெய்யவில்லை, அணையும் திறக்கவில்லை, பிறகு எப்படி ஒரே நாளில் பதினோரு சென்டிமீட்டர் ஏறும்? அப்போதுதான் கவனித்தாள், தூணைச் சுற்றி எப்போதும் கேட்கும் சலசலப்பு இல்லை. காய்ந்த இலை ஒன்றைக் கிள்ளித் தண்ணீரில் போட்டாள். இலை போட்ட இடத்திலேயே கிடந்தது.

தண்ணீர் ஓடவில்லை, தேங்கி நிற்கிறது. நிற்கிறதென்றால் கீழே யாரோ மறித்திருக்கிறார்கள்.

ஏறி வந்து பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழ்ப்பக்கம் பார்த்தாள். அரை கிலோமீட்டர் தள்ளி, ஊருக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பு ரூமுக்கு எதிரே, ஆற்றின் குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு. மணல் மூட்டைகள். போன வாரம் அவள் தம்பி பழைய சாக்குகளைக் கட்டாகக் கொண்டுவந்து அவள் கணவரிடம் போட்டு, கிழிசலையெல்லாம் தைத்து வாங்கிப் போனது நினைவுக்கு வந்தது. எதற்கென்று அவள் கேட்டபோது, "பம்பு ரூம் வேலைக்குக்கா" என்று நழுவிவிட்டான்.

அந்தத் தம்பியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது, இவளுக்குப் பத்தொன்பது. வளர்த்தது இவள்தான். பம்பு ரூமில் பதினோரு வருடம் தற்காலிகம், தற்காலிகம் என்று இழுத்தடித்து, மூன்று மாதத்துக்கு முன்னால்தான் அவனை நிரந்தரமாக்கினார்கள். அன்று அவன் மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் அந்த உத்தரவுக் காகிதத்தை மாறி மாறி வாங்கிப் படித்தார்கள்.

அவள் போனை எடுத்தாள்.

"டேய், ஆத்துல மூட்டை வெச்சது நீதானா?"

"ஆமாக்கா. நேத்து சாயங்காலம்." குரலில் பெருமை வேறு. "பைப்பு வாய்க்குத் தண்ணி எட்டவே இல்ல, வெறும் சேறுதான் இழுத்துச்சு. இப்பப் பாரு, ஒரு மணி நேரம் ஓட்டிட்டேன். ஆஸ்பத்திரி டேங்க் ரொம்பிடுச்சு."

"யாரு சொல்லி வெச்ச?"

"இன்ஜினியர்தான் சொன்னாரு."

"எழுதிக் குடுத்தாரா?"

"இதெல்லாம் போய் எழுதுவாங்களா? வாயாலதான் சொன்னாரு."

"அட மடையா! இன்னிக்குப் பத்தாவது நாள்டா. ஸ்கேல்ல நூத்தி நாப்பத்தி மூணு நிக்குது."

"நான் கீழதானேக்கா வெச்சேன்? நீ மேல இல்ல பாக்குற?"

"கீழ அடைச்சா மேல ஏறாதா? சமையல்கட்டுத் தொட்டியை அடைச்சுப் பாரு, தெரியும்!"

"ஐயோ... இரு, இப்பவே எடுத்துடறேன். அரை மணியில எடுத்துடறேன்."

"தொடாதே!" அவள் போட்ட சத்தத்தில் பாலத்துப் புறாக்கள் கிளம்பிவிட்டன. "ஆறு மணிக்கு என்ன இருந்துச்சோ அதுதான் அளவு. இப்ப நீ எடுத்துட்டா, மறிச்சதுக்கு அடையாளமே இருக்காது. வெறும் நூத்தி நாப்பத்தி மூணு மட்டும்தான் மிச்சம். அப்படியே விடு. ஒரு மூட்டையை அசைக்காதே."

"அப்படியே விட்டா என்னைப் புடிப்பாங்கக்கா. வேலை போயிடும்."

"தெரியும்டா" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

மணி ஆறு பத்து. சீட்டில் நூற்று நாற்பத்து மூன்று என்று எழுதினாள். அதற்குக் கீழே "குறிப்பு" என்று ஒரு கட்டம் உண்டு. இருபத்திரண்டு வருடமாக அதில் அவள் எழுதியது "ஒன்றுமில்லை" மட்டும்தான். இன்று எழுதினாள்: "நீர் ஓடவில்லை. எங்கள் பக்கத்தில், பாலத்துக்குக் கீழே தடுப்பு உள்ளது. கூட்டு ஆய்வு தேவை." ஒவ்வொரு எழுத்தும் தம்பியின் கழுத்தில் விழுவதாகத் தோன்றியது. ஆனாலும் எழுதி முடித்து மடித்தாள்.

கண்ணாடி அண்ணன் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஏற்கனவே காத்திருந்தார். சீட்டுகள் கைமாறின. அவர் சீட்டிலும் அதே எண்தான், குறிப்பில் "ஒன்றுமில்லை". அவளுடைய குறிப்பை அவர் இரண்டு தடவை படித்தார்.

"தங்கச்சி, இதை நீ எழுதாம இருந்திருந்தா எங்க பக்கம் எனக்கு இன்னிக்கு மாலை போட்டிருப்பாங்க. எங்க அணையிலயும் கால்வாசிதான் கிடக்கு. என் மச்சான் பயிரு கருகிட்டு இருக்கு."

"கையெழுத்துப் போட மாட்டீங்களாண்ணே?" அவர் கையெழுத்தில்லாவிட்டால் கூட்டு ஆய்வு கிடையாது, குறிப்பைக் கிழித்து ஆற்றில் போட வேண்டியதுதான்.

"வெச்சது யாரு?"

கோபம் அவள் கண்ணை மறைத்துவிட்டது. "அந்த இன்ஜினியர் சொன்னானாம், என் தம்பி மடையன் வெச்சானாம்!" என்று கொட்டித் தீர்த்தாள். சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அக்கரை ஆளிடம், அதுவும் பாலத்தில் நின்று சொல்கிற பேச்சா இது?

அவர் பேனாவை மூடினார், திறந்தார். கீழே தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நிக்கத்தான் நிக்குது. எனக்கும் கண்ணு இருக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

பதினோரு மணிக்கு இரண்டு நாட்டு நதிக் குழு அதிகாரிகளும் வந்துவிட்டார்கள். பம்பு ரூமுக்கு வெளியே இரண்டு மேசைகளை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார்கள். ஊர்க் குடிநீர் இன்ஜினியர் தலைக்குச் சாயம், சட்டைக்குக் கஞ்சி சகிதம் ஓரமாக நின்றார். தம்பி சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தான். கண்ணாடி அண்ணன் தன் நாட்டு அதிகாரிக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டிருந்தார். வேலிக்கு வெளியே குடத்தோடு பாதி ஊர் கூடிவிட்டது.

மேல்நாட்டு அதிகாரி ஒப்பந்தப் புத்தகத்தைத் திறந்து வாசித்தார். இந்த வரியை ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை. கீழ்நாட்டு அரசே ஆற்றை மறித்திருந்தால் பத்து நாள் கணக்கு ரத்து. தனி ஆள் யாராவது தன்னிச்சையாக மறித்திருந்தால், அவர் மேல் நடவடிக்கை எடுத்துவிட்டு, தடுப்பை நீக்கி, அன்றே மறுபடி அளக்கலாம். புதிய அளவுதான் செல்லும்.

அவள் மனசுக்குள் அந்த வரிகளை இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தாள். இன்ஜினியர் சொன்னார் என்றால் அது அரசு மறித்தது. அப்படியானால் கணக்கு போயிற்று, ஊருக்கு இன்னும் பத்து நாள் தண்ணீர் கிடையாது. தம்பி தானாகவே செய்தான் என்றால் தண்ணீர் உண்டு, தம்பிக்கு வேலை கிடையாது.

இன்ஜினியருக்கும் அது புரிந்துவிட்டது. அவர் தன் ஷூவின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஷூவில் அப்படி என்ன எழுதியிருந்ததோ!

"குறிப்பு எழுதினவங்க சொல்லட்டும்" என்றார் மேல்நாட்டு அதிகாரி. "மூட்டை வெச்சது யாரும்மா?"

"என் தம்பி சார். இந்தா நிக்கிறான்." அவன் பெயரையும் வேலையையும் சொன்னாள். எழுதுகிறவர் எழுதிக்கொண்டார்.

"யார் சொல்லி வெச்சார்?"

தம்பி அவளையே பார்த்தான். பதினோரு வருடம் காத்திருந்தவனின் பார்வை அது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை, 'இன்ஜினியர்' என்று அவனே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, அக்கா சொல்வாள் என்று நினைத்தான் போலிருக்கிறது. வேலிக்கு வெளியே ஒரு குடம் கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"யாரும் சொல்லல சார். அவனாத்தான் வெச்சான்."

காலையில் ஸ்கேல் பார்த்து எண்ணைச் சொல்கிற அதே குரலில் சொன்னாள். இருபத்திரண்டு வருடத்தில் அந்த ஆற்றைப் பற்றி அவள் சொன்ன முதல் பொய் அதுதான்.

அதிகாரி விடவில்லை. நாற்காலியில் திரும்பி, கண்ணாடி அண்ணனைப் பார்த்தார். "நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. காலையில உங்ககிட்ட வேற ஏதாவது சொன்னாங்களா?"

காலையில் அவள் தன் வாயாலேயே கொட்டிய வார்த்தை. அவர் ஆமாம் என்றால் அவருடைய நாட்டுக்கு அணைத் தண்ணீர் மிச்சம், அவருடைய மச்சானுக்குப் பயிர் மிச்சம். கேட்பதோ அவருடைய மேலதிகாரி. அவர் ஏன் மறைக்க வேண்டும்? அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். ஒரு பக்கம் துடைத்தார், மறுபக்கம் துடைத்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மாட்டிக்கொண்டார்.

"ஸ்கேல்ல என்ன இருந்துச்சோ அதுதான் சார் எனக்குத் தெரியும்."

"வேற ஒண்ணும் இல்லையே?"

"இல்ல சார்."

இன்ஜினியர் அந்த இடத்திலேயே, மேசை ஓரத்தில் ஒரு தாளை வைத்து, தம்பியைத் தற்காலிகமாக நீக்கி உத்தரவு எழுதினார். கையெழுத்தை மட்டும் ரொம்ப அழகாகப் போட்டார். பிறகு மூட்டைகளை எடுக்கச் சொன்னார்கள். வைத்தவனே எடுக்க வேண்டுமாம். தம்பி பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு இறங்கி, ஊரே பார்க்க, ஒவ்வொரு மூட்டையாகத் தூக்கிக் கரையில் போட்டான். உதவிக்கு யாரும் போகக் கூடாதென்று உத்தரவு. ஏழெட்டு மூட்டைக்கு ஒரு தடவை இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் பாலத்துக்கு ஏறிப் போய்விட்டாள், பார்க்க முடியவில்லை.

உச்சி வெயிலில் எல்லோரும் பாலத்தில் காத்திருந்தார்கள். மேல்நாட்டார் போட்ட கெடு மூன்று மணி. அதற்குள் தண்ணீர் இறங்கவில்லை என்றால் அவள் சொன்ன பொய், தம்பியின் வேலை எல்லாமே ஆற்றோடு போயிற்று. அவள் ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்து ஸ்கேலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அக்கரைத் தூணில் கண்ணாடி அண்ணன் அதே மாதிரி உட்கார்ந்திருந்தார்.

ஒரு மணிக்கு நூற்று நாற்பத்திரண்டு. ஒன்றரைக்கு நூற்று நாற்பது. அங்கேயே ஒட்டிக்கொண்டது. கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று, அசையக் காணோம். மேலே அதிகாரிகள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். "இறங்கித் தொலையேன்" என்று அவள் தண்ணீரிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். கீழே இன்னும் அடிவரிசை மூட்டைகள் எடுபடவில்லை, அதனால்தான் என்று அவளுக்குப் புரிந்தது. சேற்றில் புதைந்த அவற்றைத் தம்பி ஒருவனே பிடுங்க வேண்டும். அவன் வீம்புக்காக அப்படியே விட்டுவிட்டுக் கரையேறினால் யார் என்ன செய்ய முடியும்? வேலைதான் போய்விட்டதே. அவன் இடத்தில் நாம் இருந்தால் பிடுங்கியிருப்போமா என்று யோசித்தாள்.

இரண்டு ஐந்துக்குத் தூணைச் சுற்றிச் சலசலவென்று சத்தம் கேட்டது. நூற்று முப்பத்தெட்டு. பிறகு நிற்கவேயில்லை. மூன்று மணிக்கு இரண்டு பேரும் எழுதி, மடித்து, கோட்டுக்கு வந்து மாற்றிக்கொண்டார்கள். இரண்டு சீட்டிலும் நூற்று முப்பத்தொன்று. வேலிக்கு வெளியே எழுந்த கூச்சல் பாலம் வரை கேட்டது. கண்ணாடி அண்ணன் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல், "நாளைக்குப் பாக்கலாம் தங்கச்சி" என்று சொல்லிவிட்டு நடந்தார். அவள் நன்றி சொல்ல வாயெடுத்தாள். என்னவென்று சொல்வது? அவர் அதற்குள் பாதி தூரம் போய்விட்டார்.

பதினோராம் நாள் அணை திறந்தது. பதின்மூன்றாம் நாள் ஊர்க் குழாய்களில் தண்ணீர் வந்தது. தெருவில் ஆளாளுக்கு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். தம்பியின் வீட்டில் அவளைக் கண்டதும் கதவைச் சாத்தினார்கள். கணவர் மட்டும் தையல் மெஷினை மிதித்துக்கொண்டே, "நீ செஞ்சது சரிதான்" என்று ஒரு நாளைக்கு மூன்று தடவை சொன்னார். அத்தனை தடவை சொன்னதாலேயே அவளுக்குச் சந்தேகம் வந்தது.

ஒரு வாரம் கழித்து ஒரு சாயங்காலம் தம்பியே வந்தான். உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை. கைகளில் சாக்குக் கயிறு அறுத்த காயம் இன்னும் ஆறாமல் இருந்தது.

"விசாரணை எப்படா?"

"அடுத்த மாசம். இன்ஜினியர்தான் விசாரிக்கப்போறாரு." சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை. "நீ தண்ணிக்காகத்தான் சொன்னேன்னு எனக்குத் தெரியும்க்கா. நான் அந்த இடத்துல இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அதுக்கு எனக்குக் கோபமில்ல."

"பின்ன ஏன்டா வீட்டுல கதவைச் சாத்துறீங்க?"

"என் பேரைச் சொல்லி, அவனாத்தான் வெச்சான்னு சொன்ன பாரு. உன் குரல் கொஞ்சம்கூட நடுங்கலக்கா. அதைத்தான் என்னால தாங்க முடியல."

"நடுங்கியிருந்தா அவங்க நம்பியிருக்க மாட்டாங்கடா" என்றாள்.

சொல்லும்போது இப்போது நடுங்கியது. அவனுக்கும் அது கேட்டது. சரியென்று தலையாட்டினான், உட்காரவில்லை, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டான்.